ஏழு சுற்று வேட்டியோடு ஓடிய நாட்கள்

1. முதல் நாள் திட்டு

எர்ணாவூரில் ஒரு வால்வுத் தொழிற்சாலையில் ஹைட்ரோ டெஸ்ட் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே, நாஸ்தா நேரத்துக்கு முன்பே, எல்லார் எதிரிலும் திட்டு வாங்கினேன்.

வேலை இதுதான். வால்வின் இரண்டு வாயையும் அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, பம்ப் அடித்து பிரஷர் ஏற்ற வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வைத்து, உடம்பில் எங்காவது தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பம்ப் அடித்தேன், குனிந்து பார்த்தேன், "ஓகே சார்" என்றேன். எங்கள் ஃபோர்மேன் ஏகாம்பரம் வந்து நின்றார்.

"இன்னாமா ஓகே? மேல பூரா தண்ணியா கீது. நீ ஊத்தன தண்ணி எது, உள்ளேருந்து வர்ற தண்ணி எதுன்னு வால்வு வாயத் தொறந்து சொல்லுமா? தொடைமா மொதல்ல!"

ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்து என் கையில் திணித்தார். பனியன் கம்பெனியில் மிஞ்சும் துண்டுத் துணி அது, எல்லாப் பட்டறையிலும் துடைக்க அதுதான். அன்றைக்கு அவர் மூன்று விஷயம் சொன்னார். மேலே ஈரம் வைத்துக்கொண்டு சோதிக்காதே. ஒரே மூச்சில் முழு பிரஷர் ஏற்றாதே: பாதி ஏற்று, நிறுத்து, பார், அப்புறம் மீதி. கசிவு இருந்தால் சிவப்பு டேக் எழுதிக் கட்டு, மறைக்காதே. மூன்றையும் அன்றே மனப்பாடம் பண்ணிவிட்டேன். வால்வுக்கு ஒருநாளும் தவறியதில்லை. என் உடம்புக்கு மூன்றிலும் தவறினேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

நான் ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டர். அந்த வேலையே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்ததுதான். ஆர்டரில் ஒரு வரி இருந்தது: இரண்டு வருஷ புரொபேஷனுக்குள், தொழிற்சாலைகளுக்கிடையே தை மாசம் நடக்கும் போட்டியில் ஒரு தடவையாவது கம்பெனிக்காகக் கலந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் வேலை நிரந்தரம் ஆகாது. முதல் தையில் நான் இரண்டு மாசக் கர்ப்பம். டிராக்கைப் பார்த்தாலே வாந்தி. இன்னும் ஒரு தைதான் பாக்கி இருந்தது.

2. அப்பாவின் வேட்டி

ஆவணியில் மகள் பிறந்தாள். மூன்றாம் நாளே அம்மா, அப்பாவின் பழைய வேட்டியை நீளவாக்கில் மடித்து என் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டார். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் வயிற்றைக் கட்டாமல் இருந்தால் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கேள்வி கேட்பார்கள். "கட்டலன்னா வயிறு தொங்கிப் பூடும், காத்து பூந்துக்கும்" என்பார்கள். மெத்தென்ற பழந்துணி, படுத்திருக்கும்போது இடுப்புக்கு இதமாகவே இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதைக் கட்டிக்கொண்டு ஓடலாம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

நாற்பத்தைந்து நாள் முடிந்தால் பெண் பழையபடி ஆகிவிடுவாள் என்று நான் முழுசாக நம்பினேன். நாற்பத்தாறாம் நாள் விடிகாலையில் குழந்தைக்குப் பால் கொடுத்து அம்மாவிடம் விட்டுவிட்டு, வேட்டியை இறுக்கி ஏழு சுற்று சுற்றி, மேலே சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஹார்பரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னா அவசரம் உனக்கு? ரோடு இன்னா ஓடியா பூடப் போவுது?"

"ரோடு பூடாது. வேல பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகம் போகும் ரோட்டில், ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகளுக்கு ஓரமாக ஓட ஆரம்பித்தேன். கால் நன்றாகத்தான் போனது. மூச்சும் பரவாயில்லை. இருநூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், தொடை நனைந்தது. எனக்குத் தெரியாமலே சிறுநீர் போயிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டேன். இருபத்தாறு வயசு, மாவட்ட அளவில் மெடல் வாங்கியவள், நடு ரோட்டில் இப்படி. யாராவது பார்த்தார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மீன்காரம்மா ஒருத்தி தன் கூடைக்கு அடியில் சொட்டும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அவமானத்தில் முகம் எரிந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கட்டு தளர்வாக இருந்ததுதான் காரணம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மறுநாள் இன்னும் இறுக்கினேன். இன்னும் அதிகமாகக் கசிந்தது. அதற்கு மறுநாள் இன்னும் இறுக்கினேன். ஓடி முடித்தால் அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ இறங்கித் தொங்குவது போலக் கனத்தது. அதற்கும் வேட்டியைத்தான் இறுக்கினேன். என் மூளையை என்னவென்று சொல்ல!

3. மழையும் மக்கும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊரே மழையைத் திட்டியது, நான் ஒருத்திதான் கும்பிட்டேன். நனைந்துகொண்டு ஓடினால் எது மழை, எது நான் என்று யாருக்குத் தெரியும்? மழை இல்லாத நாளில் ஒரு மக் தண்ணீரை இடுப்புக்குக் கீழே ஊற்றிக்கொண்டு ஓடினேன். கறுப்பு பேண்ட் தவிர வேறு போடுவதில்லை.

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த மண் டிராக்கில் பிராக்டிஸ். அங்கேயும் குழாயடியில் மக்கோடு நிற்பேன். யாராவது கேட்டால், "கால் எரியுது, சூடு" என்பேன். எங்கள் விளையாட்டு அதிகாரி தனபால் சார் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "புள்ள பெத்து மூணு மாசத்துல ட்ரிம்மா வந்துட்டாம்மா வசந்தா! இவள பாத்து கத்துக்கோங்க" என்று மற்ற பெண்களிடம் சொன்னார். வேட்டி வயிற்றை அவ்வளவு தட்டையாகக் காட்டியது. அந்தப் பாராட்டைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

4. பிலோமினா கண்ணுக்குத் தப்பவில்லை

டெஸ்ட் பெஞ்சில் எனக்கு எதிர்ப்பக்கம் பிலோமினா. ராயபுரத்துக்காரி, என் வயசுதான், அதற்குள் இரண்டு பிள்ளைகள். வால்வில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் அவள் கண் பிடித்துவிடும். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போவதால், நான் ஓடி முடிக்கும்வரை கேன்டீன் படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாள்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு சாயங்காலம். குழாயடியில் மக்கை எடுத்தேன். பின்னாலிருந்து கை வந்து பிடுங்கியது.

"இன்னாடி பிலோ?"

"நானும் ஒரு வாரமா பாத்துகினே கீறேன். வேர்த்தா மூஞ்சில ஊத்துவாங்க. நீ இன்னா தொடைல ஊத்திக்கிற? அதுவும் ஓடறதுக்கு மின்னாடி?"

"கால் எரியுது."

"டபாய்க்காத. வேல பாக்கறது ஹைட்ரோ டெஸ்ட்ல. மேல ஈரம் பண்ணிகினா கீழ கசியறது தெரியாதுன்னு உனுக்கும் தெரியும், எனுக்கும் தெரியும். யார ஏமாத்தற?"

ஜாக்கெட்டில் செருகியிருந்த பனியன் வேஸ்ட்டை எடுத்து நீட்டினாள். "இந்தா. தொடச்சிட்டு, காஞ்சப்புறம் ரெண்டு ரவுண்டு ஓடு. நான் பாக்கறேன்."

என்னால் முடியவில்லை. அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். எண்ணெய் நாற்றத்தோடு என் ஏழு வார அழுகையும் அந்தத் துணியில் இறங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். ரோடு, மழை, வேட்டி, கீழே தொங்கும் கனம், எதையும் விடவில்லை. அவள் சிரிக்கவில்லை, உச்சுக் கொட்டவும் இல்லை. கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

"எனுக்கும் கீதுடி. சின்னது பொறந்ததிலேருந்து தும்முனா பூடும். சர்ச்சுல தும்மல் வந்தா மூக்க புடிச்சிகினு ஓடுவேன். பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்னு வுட்டுட்டேன். ஆனா நீ ஓடணும். எனுக்குத் தும்மல் மட்டும்தான். வா, ரெண்டு பேரும் போய்க் காட்டலாம்."

5. டியூபை நடுவில் பிடித்தால்

ராயபுரத்தில் நான் பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிக்கே போனோம். பெண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "எதுவும் இறங்கல, பயப்படாதீங்க. தசை தளர்ந்திருக்கு" என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் எங்களைவிடச் சின்னவள். கல்லூரி முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். என் சுடிதாரைத் தூக்கி வேட்டியைப் பார்த்தாள். ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க அவிழ்க்க எண்ணினாள்.

"ஏழு! இதோடயா ஓடினீங்க?"

"ஆமா மேடம். உள்ள புடிச்சிக்கும்னு."

"பேஸ்ட் டியூபை நடுவுல பிடிச்சு அமுக்கினா பேஸ்ட் எங்க போகும்?"

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும் விஷயம்.

"கீழ தாங்குற தசை ஏற்கனவே பிரசவத்துல இழுபட்டுக் கிடக்கு. நீங்க மேலேருந்து கட்டி அமுக்குறீங்க. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்போட பாரமும் அதுமேலதான் இறங்குது. அது என்னதான் பண்ணும் பாவம்?"

அடக்கிக்கொள்ள முடியாமல் கேட்டேன். "ஓட்டம் பூடுச்சா மேடம்?"

"போகல. திரும்ப வரும். இப்ப இப்படியே ஓடினாத்தான் சிக்கல்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

அவள் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன். சிறுநீரையும் காற்றையும் ஒருசேர அடக்குவதுபோலக் கீழ்த்தசையை உள்ளிழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும்போது மூச்சை அடைக்கக் கூடாது. அப்புறம் முழுக்க விட வேண்டும். விடுவதும் பயிற்சிதான் என்று இரண்டு தடவை சொன்னாள். தினமும் மூன்று வேளை. நடக்கலாம், வேகமாகக்கூட நடக்கலாம், ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்தும் ஒன்றும் ஆகவில்லையென்றால் ஒற்றைக் காலில் நிற்பது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது. அதுவும் சரியானால் நொண்டியடித்துப் பார்ப்பது. அதிலும் ஒன்றுமில்லையென்றால்தான் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. கீழே கனம், கசிவு, வலி, இரத்தம் இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும். ஓடுவதற்கு முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிடு, மார்பைத் தாங்குகிற உள்ளாடை போடு, பால் கொடுக்கிற உடம்பு, பட்டினி போடாதே என்றாள்.

"பாதி ஏத்து, நில்லு, பாரு, அப்பால மீதி" என்று பிலோமினா என் காதில் ஏகாம்பரம் குரலில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் ஒரு சொட்டு போனது. அதையும் மேடத்திடம் சொன்னேன். இனி மறைப்பதில்லை என்று முடிவெடுத்தாயிற்று.

"தைல போட்டி இருக்கு மேடம், ஓடலன்னா வேலை நிரந்தரம் ஆகாது."

அவள் காலண்டரைப் பார்த்தாள். "எண்ணூறு மீட்டர் ரேஸ் தைக்குள்ள முடியாது. நான் பொய் சொல்ல மாட்டேன்."

6. சிவப்பு டேக்

தனபால் சாரிடம் எப்படிச் சொல்வது? ஐம்பது தாண்டிய ஆம்பளை. 'சிறுநீர்' என்ற வார்த்தையை அவர் எதிரில் உச்சரிக்கிறதா? மூன்று நாள் அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். நாலாம் நாள் பெஞ்சிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்தேன். குறையுள்ள வால்வில் கட்டுவது. 'பொருள்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். 'குறை' என்ற இடத்தில்: 'பிரசவத்துக்குப் பின் கீழ்த்தசை தளர்வு. ஓடினால் சிறுநீர் கசிகிறது. இந்தத் தையில் எண்ணூறு மீட்டர் ஓடக்கூடாது.' 'முடிவு' என்ற இடத்தில்: 'ரீவொர்க். சரிசெய்யலாம், கழிவு அல்ல.' ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்து அவர் மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போகுமோ என்று பயம்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுப் படித்தார்.

"இது... பொம்பளைங்களுக்கு வர்றதா வசந்தா?"

"ஆமா சார். நெறைய பேருக்கு. சொல்ல மாட்டாங்க."

"எங்க வூட்ல பத்து வருசமா தூரமா எங்கியும் வர மாட்டேங்குது. பஸ்னாலே வேணாம்னுது. கல்யாணம் காட்சி ஒண்ணுத்துக்கும் வர்றதில்ல. நான் திமிருன்னு நெனச்சிகினு கீறேன்." டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு வைத்தியம் கீதா?"

"கீது சார். ராயபுரத்துல ஒரு பொண்ணு சொல்லிக் குடுக்குது."

ஆஸ்பத்திரி நேரத்தை அவர் டைரியில் குறித்துக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து போட்டி விதிப் புத்தகத்தை எடுத்து, என் ஆர்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் வரிவரியாகத் தடவினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"ஆர்டர்ல 'கலந்துகொள்ள'ன்னுதான் கீது. ஓடணும்னு இல்ல. ஓட வேணாம்னாங்க, நடக்கலாமா?"

"வேகமாவே நடக்கலாம்னாங்க சார்."

"பெண்கள் நடைப்போட்டி, மூணு கிலோமீட்டர். நம்ம கம்பெனிலேருந்து இதுவரைக்கும் ஒருத்தியும் போனதில்ல. கேட்டா அசிங்கமா இருக்குன்றாளுங்க. நீ போறியா?"

"போறேன் சார்" என்று அவர் முடிப்பதற்குள் சொன்னேன். மேடத்திடமும் கேட்டேன். முன்னே சொன்ன தொந்தரவு எதுவும் வராத வரைக்கும் போகலாம் என்றாள்.

7. பஸ்ஸை விட்டுட்டியா?

நடைப்போட்டிக்கு இரண்டு விதி. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கும் காலில் முட்டி மடங்கக் கூடாது. அப்படி நடந்தால் இடுப்பு வெட்டி வெட்டிப் போகும். மார்கழி முழுக்க நான் திருவொற்றியூர் ஹை ரோட்டு ஓரத்தில் விடிகாலையில் அப்படி நடந்தேன். டீக்கடையில் கேட்காத கேள்வி இல்லை. "இன்னாமா, பஸ்ஸ வுட்டுட்டியா?" "அவசரமா போவணும்னா ஓடும்மா, ஏன் நாட்டியம் ஆடற?" ஒருத்தர் நிஜமாகவே கவலைப்பட்டு, "இடுப்புல சுளுக்கா தாயி, கல்மண்டபத்துல எடுப்பாங்க" என்று வழி சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை. சுடிதாருக்குள் வேட்டி இல்லை. கையில் மக் இல்லை.

மார்கழி முதல் வாரம் இரண்டு நாள் கசிந்தது. வேகத்தைக் குறைத்தேன். மூன்றாம் வாரம் முழுக்க ஒன்றுமில்லை. ஒரு பழைய நோட்டில் வால்வுக்கு எழுதுவதுபோலத் தேதி, நேரம், கசிவு உண்டா இல்லையா என்று எழுதி வைத்தேன். பிலோமினா தினமும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள்.

போட்டியன்று ஐந்து பேர் நின்றோம். மற்ற நாலு பேரும் நடைக்காரிகள். என்னை அழகாகத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது கிலோமீட்டரில் ஒருத்தி முட்டி மடக்கியதற்காக வெளியேற்றப்பட்டாள். அதனால் நான் நாலாவது. அதாவது கடைசி. கடைசி நூறு மீட்டரில் கால் தன்னால் ஓடப் பார்த்தது. ஓட்டக்காரிக்கு நடையில் தோற்பது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லி முடியாது. "நட! நடடீ!" என்று வேலிக்கு வெளியே பிலோமினா கத்தினாள். நடந்தேன்.

முடிந்ததும் நேரப்பலகையைப் பார்க்கவில்லை. நேராகப் பாத்ரூமுக்குப் போனேன். கதவைச் சாத்திப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

வெளியே கதவைத் தட்டினாள் பிலோமினா. "இன்னாடி ரிசல்ட்டு?"

"நாலாவது!"

"அத்த யாரு கேட்டா?"

சித்திரையில் வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. தனபால் சார் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மெல்லிய குரலில், "வூட்ல போன வாரம் மகாபலிபுரம் வந்துச்சு வசந்தா. பஸ்லயே" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

8. டேக் கழற்றிய நாள்

நொண்டியடிப்பது சரியானதும் மேடம் ஒரு நிமிஷ ஓட்டத்துக்கு அனுமதி கொடுத்தாள். ஒரு நிமிஷம் இரண்டானது, இரண்டு ஐந்தானது. ஒரு வாரம் பின்னால் போகவும் செய்தது, குழந்தைக்குப் பல் முளைத்துத் தூக்கமில்லாத வாரம். அவசரப்படவில்லை. பிரஷர் காட்டும் கேஜ் முள் தானாக நிற்கும்வரை நின்று பார்க்கிற வேலைதானே நான் பார்ப்பது!

மகளுக்கு முதல் பிறந்தநாள் வருவதற்குள், கேன்டீனுக்குப் பின்னால் இருந்த மண் டிராக்கில் இரண்டு ரவுண்டு, முழு எண்ணூறு மீட்டர், நிற்காமல் ஓடினேன். அன்றைக்குக் கம்பெனி கொடுத்த வெளிர் நீல பேண்ட்டைப் போட்டிருந்தேன். அதில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். ஓடி முடித்து நின்றதும் பிலோமினா படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தாள். வால்வைப் பார்ப்பதுபோல என்னைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"பாஸ்" என்றாள். "டேக்க கயட்டு."

பிறகு ரவிக்கையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கேன்டீனில் வாங்கிய மிளகுத் தூள். அவளும் என்னோடு எட்டு மாசமாக அந்தப் பயிற்சியை விடாமல் செய்துகொண்டிருந்தாள்.

"இப்ப என்னிய டெஸ்ட் எடு" என்று சொல்லி, மூக்கில் வைத்து உறிஞ்சினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு தும்மல். கேன்டீன் காக்காயெல்லாம் பறந்தது. பிலோமினா அப்படியே அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தாள். அழுக்குப் பனியன் வேஸ்ட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சொட்டு இல்லடி" என்று மழைத்தண்ணீர்க் குட்டையில் குதிக்கிற பிள்ளைபோலச் சிரித்தாள்.

புதிதாகப் பிள்ளை பெற்று ஓட்டத்துக்குத் திரும்பும் பெண்களுக்கு என்னிடம் பெரிய அறிவுரை ஏதுமில்லை. எந்தத் தேதியையும் பார்த்து ஓடாதீர்கள், உடம்பைப் பார்த்து ஓடுங்கள். கசிந்தால் வெட்கப்படாமல் போய்க் காட்டுங்கள். முக்கியமாக, மேலே தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதீர்கள். துடைத்துவிட்டுப் பாருங்கள்.